தவக்காலத்தில் அதில் கறி கிடையாது

முதல் கடி கெசுவால்தாவுடையது. இதை யாரும் சட்டமாக எழுதி வைக்கவில்லை. ஆனாலும் பலேர்மோவிலிருந்து கிளம்பிய அந்தப் பேருந்தில் இருந்த முப்பத்தெட்டுப் பேருக்கும், வண்டி ஓட்டியவருக்கும், பங்குச் சாமியார் தோன் லிபோரியோவுக்கும்கூட அது தெரியும். எந்த ஊரில் இறங்கினாலும், எந்தக் கடையில் தட்டை நீட்டினாலும், மாதா சபைத் தலைவி கெசுவால்தா முதலில் ஒன்றை எடுத்து வாயில் போடுவாள். மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு அவள் முகத்தையே பார்ப்பார்கள். அவள் மென்று, விழுங்கி, கைக்குட்டையால் உதட்டை ஒற்றி, தீர்ப்புச் சொல்வாள். அதற்குப் பிறகுதான் மற்ற கைகள் நீளும்.

பேருக்கு அது திருயாத்திரை. சிரகூசாவில் இருக்கும் கண்ணீர் மாதாவைக் கும்பிட்டுத் திரும்ப மூன்று நாள் பயணம். எழுபத்து நான்காம் வருடம், மார்ச் மாதம், தவக்காலத்தின் நடுப்பகுதி. ஆனால் வழியில் எந்த ஊரில் எந்தக் கோயில் என்பதைவிட, எந்த ஊரில் எந்தப் பலகாரக் கடை என்பதுதான் அந்தப் பெண்களுக்கு மனப்பாடமாக இருந்தது. தவக்காலத்தில் இனிப்புத் தின்னலாமா என்று யாரோ ஒருத்தி ஒப்புக்குக் கேட்டு வைத்தாள்.

"திருச்சபை வெள்ளிக்கிழமையில கறியத்தான் வேணாம்னுது. சர்க்கரையப் பத்தி ஒண்ணும் சொல்லலியே," என்றார் தோன் லிபோரியோ, வயிற்றைத் தடவிக்கொண்டே.

சாமியே சொன்ன பிறகு ஆசாமிகளுக்கு என்ன கவலை? வியாழக்கிழமை காலையிலிருந்தே வேட்டை தொடங்கிவிட்டது. கல்தனிசெத்தாவில் பிஸ்தா பதித்த தேன் மிட்டாய்க் கட்டி. கெசுவால்தா கடித்தாள், தாடையைப் பிடித்துக்கொண்டாள். "பல்லுக்கு வேலை, நாக்குக்கு லீவு," என்றாள். கல்தாஜிரோனேயில் எள்ளையும் தேனையும் சேர்த்துக் காய்ச்சித் துண்டு போட்டது. "பரவால்ல. ஆனா நம்ம பலேர்மோவுல இதை இன்னும் மெல்லிசா தட்டுவாங்க." இரவு தங்கிய கன்னியர் மடத்தில், பாதாம் பாலைக் கெட்டியாக்கி எலுமிச்சைத் தோல் சீவிப் போட்ட வெள்ளைக் களியைக் கிண்ணம் கிண்ணமாகக் கொண்டுவந்து வைத்தார்கள். "காய்ச்சல்காரங்களுக்கு நல்லது," என்று சொல்லி இரண்டு கிண்ணத்தைக் காலி செய்தாள். அவள் நாக்கு பலேர்மோவை விட்டு வெளியே வந்ததே கிடையாது. உடம்பு மட்டும்தான் பேருந்தில் ஏறி வந்திருந்தது.

ஒன்பதாவது வரிசையில், பின்சக்கரத்துக்கு நேர் மேலே, ஒவ்வொரு பள்ளத்துக்கும் எகிறி எகிறி உட்கார்ந்து வந்தவள் நின்ஃபா. கெசுவால்தாவின் தம்பி மெல்கியோரேயின் மனைவி. முப்பத்தெட்டு வயது. பக்கத்தில் மெல்கியோரே வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டு வந்தான். தபால் ஆபீசில் முத்திரை குத்தும் வேலை. ஆபீசில்தான் அந்தக் கை ஓங்கும். வீட்டில் அக்காள் எதிரே அவன் வாலைச் சுருட்டிய பூனை.

நின்ஃபா அந்த யாத்திரைக்கு வந்தது கண்ணீர் மாதாவுக்காக இல்லை. மாதா மன்னிக்கட்டும். சபையின் அறிவிப்புப் பலகையில் போகும் ஊர்களின் பட்டியல் ஒட்டியிருந்தது. அதில் வெள்ளிக்கிழமை காலை என்ற இடத்துக்கு நேரே மொதிக்கா என்று இருந்தது. அந்தப் பெயரை அவள் இரண்டு தடவை படித்தாள். அன்றே போய்ப் பெயர் கொடுத்துவிட்டாள்.

மொதிக்காவுக்கு அவள் ஒரே ஒரு தடவை போயிருக்கிறாள். பதினாறு வருடங்களுக்கு முன், கல்யாணமான புதிதில். மெல்கியோரேயுடன் பட்டாளத்தில் இருந்த நண்பன் அந்த ஊர்க்காரன். அவன் வீட்டில் இரண்டு நாள் தங்கினார்கள். பெரிய தெருவில் பச்சைக் கதவு போட்ட ஒரு பலகாரக் கடையில், கையளவு பிறை வடிவப் பலகாரம் வாங்கித் தின்றார்கள். நம் சோமாசியைப் போலவே இருக்கும், மேலே சர்க்கரைத் தூள், முதுகில் ஒரு சின்னக் கீறல். அந்த ஊர்க்காரர்கள் அதை இம்பனாதிக்கி என்பார்கள். மெல்கியோரே ஆறு தின்றான். நின்ஃபா ஒன்றைத் தின்றுவிட்டு நிறுத்திக்கொண்டாள். சாக்லேட், பாதாம், பட்டை, கிராம்பு எல்லாவற்றுக்கும் பின்னால், அடித்தொண்டையில் வேறு ஒன்று தட்டுப்பட்டது. அது என்ன என்று அவள் நாக்குக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பலேர்மோவின் பல்லரோ சந்தையில் முப்பது வருடம் கறிக்கடை வைத்திருந்த கஸ்பாரேயின் மகள் அவள்.

ஊர் திரும்பிய முதல் ஞாயிற்றுக்கிழமை, மாமியார் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், கடையில் வாங்கிய இனிப்புத் தட்டின் தாளைப் பிரித்து வைத்தபோது அவள் வெள்ளந்தியாகச் சொன்னாள். "மொதிக்காவுல ஒரு பலகாரம் தின்னோம் அண்ணி. சாக்லேட்டு கூட மாட்டுக்கறியக் கொத்திப் போட்டிருந்தாங்க."

மேசையில் எல்லோரும் கெசுவால்தாவைப் பார்த்தார்கள். பிறகு கெசுவால்தா சிரித்த சிரிப்பில் கண்ணாடிக் குவளைகள் அதிர்ந்தன. அவர்கள் குடும்பத்துக்குக் கடைத்தெருவில் பொத்தானும் பட்டு நாடாவும் விற்கும் கடை. கத்தி பிடிக்கிற குடும்பத்தில் பெண் எடுத்ததே அவளுக்கு ஆறாத புண்.

"கறிக்கடைக்காரன் மகளுக்குக் கஸ்ஸாத்தா கேக்குலகூட எலும்பு தட்டுப்படும்," என்றாள். "டேய் மெல்கியோரே, நீயும்தானே தின்ன? கறி இருந்துச்சா?"

மெல்கியோரே தட்டைப் பார்த்தான். அக்காளைப் பார்த்தான். "பட்டை வாசம்தான் அடிச்சுது அக்கா," என்றான்.

அவ்வளவுதான். அன்றிலிருந்து அவள் பெயர் மாட்டுக்கறி நின்ஃபா. பதினாறு வருட ஞாயிற்றுக்கிழமைகளில், தட்டைப் பிரிக்கும்போதெல்லாம் கெசுவால்தா கேட்பாள்: "நின்ஃபா, பாத்துச் சொல்லு, இதுல எத்தன கிலோ?" மேசை சிரிக்கும். பிள்ளைகளும் சிரிக்கக் கற்றுக்கொண்டார்கள். நின்ஃபா அதையும் பொறுத்துக்கொண்டாள். ஆனால் அவள் மகனின் ஞானஸ்நான விருந்தில் அவள் அப்பா எதிரேயே கெசுவால்தா அதைச் சொன்னாள். கஸ்பாரே தட்டைக் கீழே வைத்தார். படியில் இறங்கும்போது மகளிடம், "நீ சொன்னா அது நெசம்தாம்மா. அவங்க உன்னச் சொல்லல, என்னச் சொல்றாங்க," என்றார். அதன் பிறகு அந்தப் படியை அவர் மிதிக்கவே இல்லை. அவர் செத்து ஐந்து வருடம் ஆகிறது. அந்த வலி நின்ஃபாவுக்கு இன்னும் பச்சையாக இருந்தது.

அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. எல்லோரும் ஒரே பொய்யைப் பதினாறு வருடம் சொன்னால், உண்மை தெரிந்தவளுக்கே தன் மேல் சந்தேகம் வந்துவிடும். ஒருவேளை என் விரலில்தான் கறி வாசம் இருந்ததோ? ஒருவேளை எனக்குத்தான் கோளாறோ? சில இரவுகளில் அவள் தன்னையே அப்படிக் கேட்டிருக்கிறாள். அதனால்தான் மொதிக்கா வேண்டும். தன் நாக்கு பொய் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை பேருந்து மலையிறங்கத் தொடங்கியதும், கெசுவால்தா எழுந்து முன்கம்பியைப் பிடித்துக்கொண்டு பின்னால் திரும்பினாள்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. இன்னிக்கு மொதிக்கா. நம்ம நின்ஃபா பதினாறு வருஷமா ஒரு பொய்யச் சுமந்துட்டுத் திரியறா. பாவம், முதுகு வலிக்கும். இன்னிக்கு அதை அந்த ஊர்லயே எறக்கி வச்சுட்டுப் போயிருவோம். கடைக்காரங்களையே கேப்போம். இல்லன்னு அவங்க சொல்லிட்டா, அப்புறம் இந்தப் பேச்சே வரக் கூடாது. சரியா நின்ஃபா?"

முப்பத்தாறு தலைகள் ஒன்பதாவது வரிசைக்குத் திரும்பின.

"சரி அண்ணி," என்றாள் நின்ஃபா. "இருக்குன்னு சொன்னா?"

"சொன்னா பாக்கலாம்," என்று உட்கார்ந்துவிட்டாள் கெசுவால்தா.

கடை அப்படியேதான் இருந்தது. கதவுக்குப் புதிதாகப் பச்சை அடித்திருந்தார்கள். உள்ளே நீளமான பளிங்கு மேசை. அதன் பின்னால், முழங்கை வரை மாவாக, சவேரியா என்ற அறுபது வயதுக் கடைக்காரி. பெரிய தட்டு நிறையப் பிறைகள். அன்று காலை சுட்டவை. பட்டையும் சாக்லேட்டும் கலந்த வாசம் தெருவரை வந்து ஆளை இழுத்தது.

முப்பத்தெட்டுப் பேரும் ஒருவர் மேல் ஒருவர் இடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தார்கள். சவேரியா தட்டை நீட்டினாள். கெசுவால்தாவின் கை எழுந்தது.

அப்போதுதான் நின்ஃபாவுக்குத் தன் நிலைமை முழுதாக உறைத்தது. இன்று வெள்ளிக்கிழமை. தவக்கால வெள்ளி, சுத்தபோசன நாள், கறி தொடக் கூடாது. கறி இருக்கிறதா என்று சொல்லக்கூடிய ஒரே நாக்கு தன்னுடையது, அந்த நாக்கில் இன்று அதை வைக்க முடியாது. தட்டிலிருந்து ஒன்றை எடுத்துப் பிட்டாள். உள்ளே கறுப்பாக, ஈரமாக, பூப்போல இருந்தது. முகர்ந்தாள். கிராம்பு, கிராம்பு, மறுபடியும் கிராம்பு. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, மூக்குக்கும் பிடிபடவில்லை.

வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். கெசுவால்தா தின்னட்டும், பாவத்தைக் கட்டிக்கொள்ளட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்த நினைப்பு வந்தது, வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் கஸ்பாரே தராசில் கட்டைவிரல் வைக்காத மனிதர். அவர் மகளால் அப்படி நிற்க முடியவில்லை.

"அண்ணி, சாப்பிடாதீங்க," என்றாள். "அதுல கறி இருக்கு. இன்னிக்கு வெள்ளிக்கிழமை."

கடை முழுக்கச் சிரிப்பு.

"பாத்தீங்களா, ஆரம்பிச்சுட்டா!"

"விளையாட்டில்ல அண்ணி. மாட்டுக்கறி. வேணாம்."

"சாமி, இவ சொல்றதக் கேட்டீங்களா?"

"கேட்டேன், கேட்டேன்," என்றார் தோன் லிபோரியோ. அவர் கையில் ஏற்கெனவே ஒன்று இருந்தது.

"மூணாவது தடவையாச் சொல்றேன்," என்றாள் நின்ஃபா. அது கடையின் கடைசி மூலை வரை கேட்டது. "அதுல கறி இருக்கு. எல்லாருக்கும்தான் சொல்றேன்."

கெசுவால்தா அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டே முதல் கடி கடித்தாள். மென்றாள். அவள் முகத்தில் ஒரு மாற்றம் வந்தது. அந்த யாத்திரையில் யாரும் பார்த்திராத மாற்றம். கைக்குட்டையை எடுக்க மறந்தாள். "ஆனா நம்ம பலேர்மோவுல" என்று தொடங்கவும் மறந்தாள். ஒன்று போய் இரண்டாவது எடுத்தாள், வீம்புக்கு. மூன்றாவதை எடுத்தது வீம்புக்கு இல்லை, ருசிக்கு.

"பாதாம்," என்றாள். "அக்ரூட். சாக்லேட். பட்டை. தேவாமிர்தம்! கறியாம் கறி!"

அதற்குப் பிறகு தட்டு எங்கே போனதென்றே தெரியவில்லை. சாமியார் நான்கு முடித்தார். மெல்கியோரே மட்டும் கதவோரம் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் எடுக்கவே இல்லை. அதை அப்போது யாரும் கவனிக்கவில்லை.

கெசுவால்தா சவேரியா பக்கம் திரும்பினாள். "அம்மா, நீங்களே சொல்லுங்க. இதுல கறி இருக்கா?"

சவேரியா சாமியாரின் கறுப்பு அங்கியைப் பார்த்தாள். கையிலிருந்த மாவைத் தட்டினாள். "தவக்காலத்துல அதுல கறி கிடையாதுங்க," என்றாள்.

"கேட்டீங்களா!" கெசுவால்தா இரண்டு கையையும் விரித்தாள். பெண்கள் கைதட்டினார்கள். ஒருத்தி நின்ஃபாவின் தோளைத் தட்டி, "போனாப் போகுது விடு," என்றாள். நின்ஃபாவுக்குப் பதினாறு வருடமும் ஒரேயடியாகத் தலையில் வந்து இறங்கியது போல் இருந்தது. அழுதுவிடுவோம் என்று பயந்தாள். ஆனால் கறிக்கடையில் வளர்ந்தவளுக்கு வியாபாரிகளின் பேச்சு தெரியும். ஒரு கடைக்காரி கேள்விக்கு நேராகப் பதில் சொல்லாமல் நாளைச் சேர்த்துச் சொன்னால், அதில் ஏதோ இருக்கிறது.

"அம்மா," என்றாள். "ஈஸ்டர் முடிஞ்சு வந்தா?"

"வாங்களேன். நல்லாருக்கும்."

"அப்ப அதுல கறி இருக்குமா?"

"அப்ப இருக்கும்," என்றாள் சவேரியா, முகத்தில் ஒரு கோடு மாறாமல்.

கைதட்டல் நின்றது.

"செய்முறைய மாத்திடுவீங்களோ?"

"எதுக்கு மாத்தணும்? என் மாமியாரோட மாமியார் காலத்துல இருந்து ஒரே செய்முறை."

தோன் லிபோரியோ உதட்டிலிருந்த சர்க்கரைத் தூளை மெதுவாகத் துடைத்தார்.

"இவங்க கிண்டல் பண்றாங்க," என்றாள் கெசுவால்தா. குரலில் பழைய கனம் இல்லை. "தெக்கத்தி ஆளுங்களுக்கு எல்லாமே கிண்டல்தான்."

நின்ஃபா கூட்டத்தை விலக்கினாள். வெளியே போனாள். எதிர்ச்சாரியில் ஒரு கறிக்கடை. தவக்கால வெள்ளி என்பதால் கதவைப் பாதி இறக்கிவிட்டு, ஜோர்ஜோ என்ற கடைக்காரர் வாசலில் நாற்காலி போட்டுக் கத்திக்குச் சாணை பிடித்துக்கொண்டிருந்தார். வேறு யாராக இருந்தாலும், எதிர்க்கடைக்குக் கறி போடுகிறீர்களா என்று கேட்டிருப்பார்கள், அவரும் இல்லை என்று சொல்லியிருப்பார். நின்ஃபா தொழில்காரியாகக் கேட்டாள்.

"அண்ணாச்சி, எதிர்க் கடைக்கு எந்த எடத்துக் கறி குடுக்கறீங்க? தொடையா, சப்பையா?"

"தொடைதான்," என்றார் ஜோர்ஜோ, கத்தியிலிருந்து கண்ணை எடுக்காமல். "கொழுப்ப வழிச்சு, சவ்வ உரிச்சு, ரெண்டு தடவ அரைக்கணும். ஒரு நார் தட்டுப்பட்டாலும் அந்தம்மா திருப்பி அனுப்பிடும்." பிறகுதான் நிமிர்ந்து பார்த்தார். "நீங்க யாரு? கடை வச்சிருக்கீங்களா?"

"பலேர்மோ. பல்லரோ சந்தை. கஸ்பாரேயோட பொண்ணு."

அவருக்குக் கஸ்பாரேயைத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனாலும் அவர் எழுந்து, கையை முன்துணியில் துடைத்து, அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். தொழில் மரியாதை. அந்தக் கைகுலுக்கலில் நின்ஃபாவுக்குக் கண் நிறைந்தது.

"அண்ணாச்சி, ஒரு ரெண்டு நிமிஷம் எங்கூட வரணும்," என்றாள்.

வந்தார். பச்சைக் கதவில் ஆளை அடைத்துக்கொண்டு நின்று, நின்ஃபா கேட்டதற்கு, கூடியிருந்தவர்கள் யார் எவர் என்று பாராமல் பதில் சொன்னார். "நேத்திக்குக் காலையில மூணு கிலோ குடுத்தேன். நாந்தான் அரைச்சேன். தவக்காலத்துலதான் அதிகமாப் போகும்." அப்புறம்தான் அங்கியைப் பார்த்தார். "அய்யோ. சாமி!"

சவேரியா ஜோர்ஜோவை ஒரு முறை முறைத்தாள். இனி மறைத்துப் பயனில்லை.

"அந்தக் காலத்துல தவக்காலப் பிரசங்கத்துக்கு ஊர் ஊரா நடந்து போற சாமிமாருங்க பசியில வாடிப் போவாங்களாம். அவங்களுக்குத் தெம்பா இருக்கட்டும்னு மடத்துச் சிஸ்டருங்க கறியச் சாக்லேட்டுக்குள்ள ஒளிச்சு வச்சாங்கன்னு சொல்லுவாங்க. சாமிமாரும் தின்னாங்க, என்னன்னு கேக்கல. கேக்காத வரைக்கும் பாவமில்ல. அதனால இந்த ஊர்ல யாரும் கேக்கவும் மாட்டோம், சொல்லவும் மாட்டோம். நீங்க பலேர்மோக்காரங்க. வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கத் தெரியாதா?"

முப்பத்தேழு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கெசுவால்தா பளிங்கு மேசையைப் பிடித்துக்கொண்டாள். நாற்பது வருடமாக ஒரு சுத்தபோசனத்தைத் தவற விடாதவள். சபைத் தலைவி. இன்று மூன்று தின்றிருக்கிறாள்.

"சாமி," என்றாள், பச்சைக் குழந்தையின் குரலில். "பாவமா சாமி?"

தோன் லிபோரியோ பருத்த மனிதர், சாப்பாட்டுப் பிரியர், ஆனால் முட்டாள் இல்லை.

"தெரியாமத் தின்னா பாவமில்ல," என்றார். "தெரிஞ்சு தின்னாப் பாவம். உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியாது சாமி! சத்தியமாத் தெரியாது!"

"நின்ஃபா மூணு தடவ சொன்னாளே. எல்லார் காதுலயும் விழுந்துச்சே."

கெசுவால்தாவுக்கு எலிப்பொறிக்குள் இரண்டு வாசல் தெரிந்தது, இரண்டும் ஒரே இடத்தில்தான் போய் முடிந்தன. தெரிந்தே தின்றேன் என்று சொன்னால் சாவான பாவம். தெரியாது என்றால், நின்ஃபா சொன்னதை நம்பவில்லை என்று இத்தனை பேர் எதிரே சொல்ல வேண்டும்.

"சாமி, நீங்களும்தானே கேட்டீங்க?" என்றது கூட்டத்திலிருந்து ஒரு குரல். பலேர்மோப் பெண்கள் யாரையும் விட மாட்டார்கள்.

"கேட்டேன்," என்றார் சாமியார். "கேட்டுட்டு நாலு தின்னேன். அதனால முதல்ல நான் சொல்றேன். நின்ஃபா, நீ நெசத்தச் சொன்ன. நான் நம்பல. தப்பு என் பேர்ல." தொப்பியைக் கழற்றினார். பிறகு கெசுவால்தாவைப் பார்த்தார். "இப்ப நீ."

"நான் நம்பல சாமி," என்றாள் அவள், தரையைப் பார்த்து.

"ஏன்?"

"பொய் சொல்றான்னு நினைச்சேன்."

"பொய்யா அது?"

"இல்ல."

"என்கிட்ட ஏன் சொல்ற? நான் ஞாயித்துக்கிழமை உங்க வீட்டு மேசையில உக்காந்து கேலி கேக்கலியே."

கெசுவால்தா திரும்பினாள். ஒரு பெண் தோற்கும்போது எப்படி இருப்பாள் என்று அன்று மொதிக்காவில் எல்லோரும் பார்த்தார்கள். சொல்லத்தான் வேண்டும், அவள் அதை அரைகுறையாகச் செய்யவில்லை.

"நின்ஃபா," என்றாள். "பதினாறு வருஷமா நீ சொன்னது நெசம். நான்தான் பொய்யாக்கினேன். உங்கப்பா எங்க படியெறங்கிப் போனாரே, அதுக்கும் நான்தான் காரணம். அந்த நல்ல மனுசங்கிட்ட இனிமே நான் எப்படி மன்னிப்புக் கேப்பேன்?"

நின்ஃபா இந்த நொடியை எத்தனையோ தடவை கற்பனை செய்திருக்கிறாள். அப்போதெல்லாம் தான் ஏதோ கூர்மையாகத் திருப்பிக் கொடுப்பாள். இப்போதோ நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது, அதன் இடத்தில் கொள்ளாத சந்தோஷம் ஏறியது. சிரித்துவிட்டாள். வாய்விட்டு, கண்ணீரோடு, கண்ணாடி ஜாடிகள் அதிரச் சிரித்தாள்.

அப்போது கதவோரத்திலிருந்து ஒரு குரல்.

"எனக்குத் தெரியும்." மெல்கியோரே. முகம் வெளிறியிருந்தது. "அன்னைக்கும் வெள்ளிக்கிழமை. அப்பல்லாம் எல்லா வெள்ளியும் சுத்தபோசனம்தானே. அன்னைக்கு ராத்திரி நீ கறின்னு சொன்னதும் எனக்குப் பயம் வந்துருச்சு. மறுநாள் காலையில தனியா இங்க வந்து கேட்டேன். சனிக்கிழமைங்கறதால நேராவே சொல்லிட்டாங்க. அம்மாவுக்கும் அக்காவுக்கும் தெரிஞ்சாக் கொன்னுருவாங்கன்னு..."

"ஆறு தின்னவனே!" என்றாள் கெசுவால்தா. அவளுக்கு அந்த நேரத்தில் ஒரு துணை கிடைத்த நிம்மதி.

நின்ஃபா கணவன் பக்கம் திரும்பினாள். சிரிப்பு போய்விட்டது. கோபம் வந்தது, நியாயமான கோபம். அக்காள் அறியாமல் செய்தாள். இவன் அறிந்தே செய்திருக்கிறான்.

"என்னங்க," என்றாள். "ஊருக்குப் போனதும் மொத வேலையா எங்கப்பா கல்லறைக்கு வரீங்க. இப்பச் சொன்னத அங்க நின்னு சொல்றீங்க. சத்தமா. பக்கத்துக் கல்லறைக்கும் கேக்கணும்."

"சொல்றேன்."

"இப்ப ரெண்டு கிலோ வாங்குங்க. நீங்கதான் சுமக்கணும்."

அன்று முழுக்க அந்தப் பொட்டலம் மெல்கியோரேயின் மடியில் இருந்தது. பின்சக்கரத்துக்கு மேலே வைத்தால் நொறுங்கிவிடும் என்று வண்டிக்காரர் சொன்னதால், புருஷன் பெண்டாட்டி இருவரையும் முதல் வரிசைக்குக் கூப்பிட்டுக்கொண்டார்கள். கெசுவால்தா தானாகவே எழுந்து இரண்டாவது வரிசைக்குப் போனாள். சிரகூசா போய்ச் சேரும் வரை பட்டை வாசம் பேருந்தை நிறைத்தது. ஜெபமாலை சொன்னவர்களுக்கு எண்ணிக்கை தப்பியது. ஒருவரும் பொட்டலத்தைத் தொடவில்லை. இப்போது எல்லோருக்கும் தெரியுமே.

சனிக்கிழமை காலை. சிரகூசாத் துறைமுகத்தில் பேருந்து நின்றது. கடல் வெயிலில் மின்னியது. கடலோரத் திட்டில் கன்னிகள், விதவைகள், மனைவிமார்கள் என்று மாதா சபை முழுவதும் வரிசையாக உட்கார்ந்தது. மெல்கியோரே நாடாவை அவிழ்த்து, தாளைப் பிரித்து, நடுவில் வைத்தான். தடை வெள்ளிக்கு மட்டும்தான், இன்று தடையில்லாத நாள்.

பழக்க தோஷத்தில் கெசுவால்தாவின் கை எழுந்தது. பாதி வழியில் நின்றது. அப்படியே திரும்பி மடியில் போய் உட்கார்ந்துகொண்டது.

"நீ எடு," என்றாள்.

நின்ஃபா ஒன்றை எடுத்தாள். முப்பத்தாறு பெண்களும் கையைக் கட்டிக்கொண்டார்கள். சாமியாரும் கட்டிக்கொண்டார். அவள் கடித்தாள், அவசரமில்லாமல் மென்றாள். முதலில் சாக்லேட் வந்தது, பிறகு பாதாம், பட்டை. எல்லாம் கடந்து போன பிறகு, அடித்தொண்டையில், பதினாறு வருடத்துக்கு முன் விட்ட அதே இடத்தில், அது இருந்தது. சந்தேகமே இல்லை. என் நாக்கு சரியாகத்தான் இருந்தது, அப்பா. எப்போதும் சரியாகத்தான் இருந்தது.

விழுங்கினாள். கைக்குட்டையால் உதட்டை ஒற்றிக்கொண்டாள். எல்லோரும் அவள் முகத்தையே பார்த்தார்கள்.

"கிராம்பு ஒரு துளி ஜாஸ்தி," என்றாள் கஸ்பாரேயின் மகள். "கறி நல்ல கறி."

அதற்குப் பிறகுதான் மற்ற கைகள் நீண்டன.